வெள்ளிக்கிழமை அணையும் வீடு

கெண்ட்
3 மார்ச் 1998

லீசலோட்,

வெள்ளிக்கிழமைதோறும் பாய்லரை அணைத்துவிட்டு ஊருக்கு ரயில் ஏறியது நீதான். இதை நான் கேள்வியாகக் கேட்கவில்லை.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க மனம் வரவில்லை. நீ ஆசிரியப் பயிற்சிக்காக ஊருக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. அதற்குள் இரண்டு தடவை போன் செய்துவிட்டேன். இரண்டு தடவையும் உன் அப்பாதான் எடுத்தார். "அவ பள்ளிக்கூடத்துல இருக்காம்மா" என்றார். இரவு ஒன்பது மணிக்கு எந்த ஊர்ப் பள்ளிக்கூடம் நடக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நேற்று வீட்டுக்காரர் வெர்ஹெல்ஸ்ட் சமையலறைக்குப் புதுப் பூட்டுப் போட வந்தார். ஸ்தமாத்திஸ் இன்னும் நேராக நடக்க முடியாமல் மருத்துவமனையில் கிடக்கிறான், இவர் பூட்டுப் போடுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சனி ஞாயிறுல நீங்க ஹீட்டர நிறுத்தாம இருந்தா, அவன் ஏன் கேஸ் அடுப்பப் பத்தவச்சு அதோட கதவத் திறந்து வச்சுக் குளிர் காயப் போறான்?" என்று கேட்டுவிட்டேன்.

மனிதர் வாயிலிருந்த திருகாணியை எடுத்தார். "நான் எங்கம்மா நிறுத்துனேன்? பாய்லர் இருக்குற கீழ்த்தளச் சாவி லீசலோட் கிட்டதான இருக்கு. வீட்டுக்கு மூத்த மாணவி அவ. அவளப் போய்க் கேளு."

கேட்கிறேன்.

ஆறு மாதமாக எங்களிடம் என்ன சொன்னாய்? "கிழட்டு பாய்லர்டி, வாரக் கடைசில அதுக்கும் லீவு வேணுமாம்." நானும் சிரித்தேன். "இந்த நாட்டுல பாய்லர்கூட அம்மாவப் பாக்க ஊருக்குப் போயிருது" என்றான் ஸ்தமாத்திஸ். வெள்ளிக்கிழமை மாலையானால் கல் பாவிய இந்தத் தெரு முழுவதும் பெட்டிச் சக்கரங்கள் கடகடவென்று ரயிலடிக்கு ஓடும். அழுக்குத் துணி போகும். ஞாயிறு இருட்டியதும் துவைத்த துணியும், ஐஸ்கிரீம் டப்பாக்களில் அம்மா அடைத்துக் கொடுத்த சூப்பும் திரும்பி வரும். நடுவில், தூர தேசத்திலிருந்து வந்து ஊருக்குப் போக முடியாத ஸ்தமாத்திஸும் நானும் இந்த வீட்டில் இருக்கிறோம் என்பது உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த ஞாயிறு நான் கொலோனிலிருந்து வந்தபோது வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. நீ படிக்கட்டில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தாய். மூடிய சமையலறையில் அடுப்பின் நச்சுப் புகையில் மயங்கிக் கிடந்தவனை நீதான் இழுத்து வெளியே போட்டாய் என்றார்கள். உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன். அப்போது தீயணைப்புக்காரர் ஒருவர் சுவரோரம் இருந்த ஹீட்டரைத் தொட்டுப் பார்த்தார். "வீடு சூடாத்தான இருக்கு. அப்புறம் எதுக்கு இந்தப் பையன் அடுப்பத் திறந்து வச்சான்? குடிச்சிருப்பானோ?" என்றார். நீ பக்கத்தில்தான் இருந்தாய். வாய் திறக்கவில்லை.

ஊரிலிருந்து வந்ததும் நீ முதலில் கீழ்த்தளத்துக்குப் போய் பாய்லரைப் போட்டிருக்கிறாய். அது வீட்டைச் சூடாக்கிய பிறகுதான் சமையலறைக்கு வந்திருக்கிறாய். இல்லை என்று எழுது பார்ப்போம்.

ஊஷியா


லிக்டர்வெல்ட
6 மார்ச் 1998

அன்பு ஊஷியா,

உன் கடிதத்தை அம்மா பிரிப்பதற்குள் பிடுங்கிக்கொண்டேன். நீ எனக்கு இப்படி எழுதுவாய் என்று நினைக்கவில்லை.

ஆமாம், அணைத்தது நான்தான். எனக்கு முன்னால் சாவி வைத்திருந்தவளும் அதைத்தான் செய்தாள். "ஆளில்லாத வீட்ட யாராவது சூடு பண்ணுவாங்களா? வெள்ளிக்கிழமை கிளம்பும்போது அணைச்சிட்டுப் போ" என்று சொல்லித்தான் வெர்ஹெல்ஸ்ட் சாவியையே கொடுத்தார். இப்போது இல்லை என்கிறாரா? பாய்லர் தானாக நிற்கிறது என்று உங்களிடம் சொன்னது தப்பு. அவர்தான் அப்படிச் சொல்லச் சொன்னார். ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் வார இறுதியில் மாணவர் வீட்டில் யாரும் தங்க மாட்டார்கள். தங்கினால் அவனுக்குச் சொந்த வீட்டில் சண்டை என்று அர்த்தம்.

நீயும்தான் தங்கியதில்லையே. திங்கட்கிழமை ஆனால் சமையலறைச் சுவரில் ஒரு தபால் அட்டை ஒட்டினாய். லீல், ஆகன், மாஸ்ட்ரிக்ட், கொலோன். அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? சனிக்கிழமை முழுவதும் அப்பாவோடு இருட்டுக் கொட்டகையில் குனிந்து நின்று சிக்கரிக் கீரை ஒடித்தேன். ஞாயிறு மதியம் கோயில் சங்கத்து ஊர்ச் சிறுமிகளைச் சேற்றில் ஓடவிட்டு விளையாட வைத்தேன். உனக்குத்தான் ஐரோப்பா. எனக்கு ஐரோப்பா என்றால் லிக்டர்வெல்டவுக்கும் கெண்டுக்கும் நடுவில் உள்ள ரயில் பெட்டி. என்னை ஏதோ சீமாட்டி மாதிரித் திட்டாதே.

ஸ்தமாத்திஸ் ஒரே ஒரு முறை என்னிடம் வந்து குளிர் தாங்க முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். கேலி பேசினான், அவ்வளவுதான். சன்னல் இடுக்கில் துண்டைத் திணித்து அடைத்தது யார்? நானா? கட்டடப் பொறியியல் படிக்கிறவன் அவன்.

போன ஞாயிறு கோயிலில் பாதிரியார் என் பெயரைச் சொல்லி, ஒரு உயிரைக் காப்பாற்றியவள் என்று பாராட்டினார். சிறுமிகளின் பெற்றோர் எழுந்து நின்று கை தட்டினார்கள். பூமி பிளந்து விழுங்காதா என்றிருந்தது. அது உனக்குப் புரியாது.

கோபம் தணிந்ததும் எழுது. உன் வாணலி என் அலமாரியில் இருக்கிறது, எடுத்துக்கொள்.

உன்
லீசலோட்


கெண்ட்
9 மார்ச் 1998

லீசலோட்,

ஒப்புக்கொண்டாய். அதற்கு நன்றி. மற்றதற்கெல்லாம் என்னிடம் பதில் இருக்கிறது.

நான் ஏன் வாராவாரம் ஊர் சுற்றினேன் என்று ஒரு நாளாவது கேட்டாயா? ரயில் பெட்டியில் சூடு இருக்கிறது. அதனால்தான் போனேன். லீலில் நான் பார்த்தது ரயிலடியும் அதற்கு எதிரே இருக்கும் பெரிய கடையும்தான். காவலாளி முறைக்கும்வரை மூன்றாம் மாடியில் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆகனில் நூலகம். கொலோனில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியின் அறைத் தரையில் ஆறு பேரோடு படுத்தேன். திருவிழா ஊர்வலத்தில் வீசிய மிட்டாய்தான் அன்றைக்கு மதியச் சாப்பாடு. என் அம்மா எங்கள் ஊரில், கலீசியாவில், மட்டிச் சதையை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் நாள் முழுவதும் நின்று வேலை செய்கிறாள். போகிற ஊரில் எல்லாம் இரண்டு அட்டை வாங்குவேன். ஒன்று அவளுக்கு. இன்னொன்று உங்கள் சுவருக்கு. நீங்கள் எல்லாரும் ஞாயிறு இரவு வீட்டுக் கதை பேசும்போது, போக்கிடம் இல்லாதவளாக நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆறு மாதம் ஒரே அடுப்பில் சமைத்தோம். ஒரு வெள்ளிக்கிழமையாவது "வாடி, எங்க வீட்டுக்குப் போலாம்" என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை.

நேற்று ஸ்தமாத்திஸைப் பார்த்தேன். ஸ்பூனைப் பிடித்தால் கை ஆடுகிறது. பேசிக்கொண்டே இருக்கும்போது வார்த்தை மறந்து நிற்கிறான். நீ எழுதியதை அவனிடம் சொன்னேன்.

"குளிருதுன்னு அவகிட்ட ஏண்டா சொல்லல?"

"சொன்னேனே. வாராவாரம் சொன்னேன். நீங்கதான் சிரிச்சீங்க. அழுதுகிட்டே சொன்னாத்தான் கேப்பீங்களா?"

"சன்னல்ல ஏன் துண்டத் திணிச்ச?"

"காத்து வந்துச்சு, திணிச்சேன். மண்டையே உறைஞ்சு கிடக்கும்போது பொறியியலா ஞாபகம் வரும்?"

அதில் நானும் அடக்கம். நானும்தான் சிரித்தேன்.

இப்போது கேள். வெர்ஹெல்ஸ்ட் கல்லூரியில் புகார் கொடுத்திருக்கிறார். ஹீட்டர் ஓடும் வீட்டில் குடித்துவிட்டு அடுப்பைத் திறந்து வைத்து எல்லோர் உயிருக்கும் ஆபத்து உண்டாக்கினானாம். பத்தொன்பதாம் தேதி விசாரணை. அது உண்மை என்று முடிவானால் அவனுடைய படிப்பை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஹீட்டர் சூடாக இருந்தது என்று தீயணைப்புக்காரர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். அது எப்போது சூடானது என்று சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான்.

வந்து சொல்.

ஊஷியா


லிக்டர்வெல்ட
11 மார்ச் 1998

அன்பு ஊஷியா,

இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நேற்று வெர்ஹெல்ஸ்ட் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் பயிற்சி செய்யும் பள்ளியின் தலைமையாசிரியர் அவருடைய மைத்துனர். இங்கே எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு விதத்தில் மைத்துனர்தான். அம்மா காபி வைத்தாள்.

"பொண்ணு ஒரு உயிரக் காப்பாத்திருக்கா. ஊரே பேசுது. அத ஏன் அவளே கெடுத்துக்கணும்?" என்றார் அப்பாவிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "சாவி ஓங்கிட்ட இருந்துச்சு. அணைக்கச் சொன்னேன்னு எதாவது எழுதிக் குடுத்தேனா?" என்றார். அப்பா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவருக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தாள்.

எங்கள் குடும்பத்தில் படிக்கப் போன முதல் ஆள் நான். செப்டம்பரில் அந்தப் பள்ளியில் வேலை காலியாகிறது. ஒருத்தனைச் சாகும் நிலைக்குக் கொண்டுபோனவள் என்று பெயர் வாங்கினால் யார் என்னிடம் பிள்ளைகளை விடுவார்கள்?

இந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வா. முன்பே கூப்பிட்டிருக்க வேண்டும், தெரியும். வீடு சின்னது, கொட்டகை நாற்றம் அடிக்கும், நீ என்ன நினைப்பாயோ என்றுதான் கூப்பிடவில்லை. அம்மா பீர் ஊற்றி மாட்டிறைச்சி வேகவைப்பாள். தங்கையின் கட்டில் காலியாக இருக்கிறது. உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்
லீசலோட்


கெண்ட்
20 மார்ச் 1998

லீசலோட்,

நான் வரவில்லை. பிப்ரவரியில் கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பேன். மார்ச்சில் கூப்பிட்டது விருந்து இல்லை.

நேற்று நீ நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு விசாரணை அறைக்குள் நுழைந்தபோது எனக்கு உயிர் வந்தது. சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"நீங்க வந்தப்ப ஹீட்டர் ஓடிச்சா?" என்று விசாரணைக் குழுத் தலைவர் கேட்டார்.

"நான் சமையலறைக்குப் போனப்ப வீடு சூடாத்தான் இருந்துச்சு" என்றாய்.

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. இதைத் தேடிக் கண்டுபிடிக்க உனக்கு எத்தனை நாள் ஆனது?

நான் எழுந்து நின்று, பாய்லர் வாராவாரம் அணைக்கப்பட்டது என்றேன். "அந்த வாரக் கடைசி நீங்க எங்க இருந்தீங்க?" என்றார். கொலோனில் என்றேன். "அதுக்கு முந்தின வாரம்?" மாஸ்ட்ரிக்டில். அதற்குள் வெர்ஹெல்ஸ்ட் சமையலறைச் சுவரிலிருந்து பிய்த்து வந்த என் அட்டைகளை மேசையில் சீட்டுக்கட்டு மாதிரிப் பரப்பினார். தலைவர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "ஊரெல்லாம் சுத்திட்டு வந்தவங்களுக்கு வீடு எப்படி இருந்துச்சுன்னு எப்படித் தெரியும்?" எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் கடிதம் என் பையில் இருந்தது. நீ எழுதியதை உன் முன்னால் பிறருக்குப் படித்துக்காட்ட எனக்குக் கை வரவில்லை. அப்படி ஒரு முட்டாள் நான். நீயே சொல்வாய் என்று கடைசி நிமிடம்வரை உட்கார்ந்திருந்தேன்.

முடிந்ததும் ஸ்தமாத்திஸ் கோலை ஊன்றிக்கொண்டு உன்னிடம் வந்தான். "என்னத் தூக்குனதுக்கு நன்றி" என்று கை நீட்டினான். அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் நீட்டினான். நீ கை கொடுத்தாய்.

அவன் படிப்பை ரத்து செய்துவிட்டார்கள். மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்க இரண்டு வாரம் இருக்கிறது. கடிதத்தைக் காட்டலாமா என்று அவனைக் கேட்டேன். "வேணாம். அவளாச் சொன்னாச் சொல்லட்டும். பிடுங்கி வாங்குற உண்மை எனக்கு எதுக்கு?" என்கிறான். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. ஆனால் குளிரில் கிடந்தது அவன், நான் இல்லை. அதனால் அவன் சொன்னபடி கேட்கிறேன். நீயே போய்ச் சொல்.

ஊஷியா


கெண்ட்
4 மே 1998

லீசலோட்,

மார்ச் கடிதத்துக்குப் பதில் இல்லை. ஏப்ரலில் எழுதியதற்கும் இல்லை. போனில் உன் அம்மா "வேணாம்மா, அவள விட்டுரு" என்றாள். அந்தக் குரலிலேயே அவளுக்கும் உண்மை தெரியும் என்று புரிந்துகொண்டேன்.

ஸ்தமாத்திஸ் ஊருக்குப் போய்விட்டான். உனக்கு வேலை கிடைத்துவிட்டதாக மாடி அறைப் பெண் சொன்னாள். சிறுமிகளுக்கு நல்ல டீச்சராக இருப்பாய். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

கல்லூரி அவன் வீட்டுக்கும் முடிவை அனுப்பியிருக்கிறது. குடிபோதை, கவனக்குறைவு என்று. அவன் அப்பா பஸ் ஓட்டுநர். கடன் வாங்கிப் படிக்க அனுப்பிய மகனோடு இரண்டு வாரமாகப் பேசவில்லை. அம்மா வாயைத் திறந்தால், "குடிச்சியாடா, சொல்லுடா" என்றுதான் கேட்கிறாளாம். இல்லை என்கிறான், அவள் நம்புவதில்லை. அவனைத் தூக்கிக் காப்பாற்றிய பெண் எழுதினால் நம்புவாள்.

கல்லூரி வேண்டாம். வெர்ஹெல்ஸ்ட் வேண்டாம். உன் வேலைக்கும் ஒன்றும் ஆகாது. அந்த ஊரில் உன்னை யாருக்கும் தெரியாது. வீடு குளிர்ந்து கிடந்தது, உங்கள் மகன் குடிக்கவில்லை என்று இரண்டு வரி எழுது. இந்த வாரமே எழுது. அவன் அம்மாவின் முகவரி கீழே.

ஊஷியா

திருமதி எவந்தியா கலாட்ஸி,
துறைமுகப் பின்தெரு 14,
வோலோஸ்,
கிரீஸ்.