சிவப்பு டிக் விழாத அட்டை

பிஸ்கட் டப்பாவைத் திறந்ததும் உன் நீலகிரித் தைல வாசனை. எட்டு மாதமாகியும் போகவில்லை. தைலம் தடவிய கையோடு அட்டைகளைத் தொடாதே என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். "சொல்லுக்கெல்லாம் சளி பிடிக்காதுடா" என்பாய். இப்போது டப்பாவில் ஒரே ஓர் அட்டைதான் இருக்கிறது.

நீ விலங்கியல் வாத்தியார், நான் அச்சகத்தில் பிழை திருத்தியவன். ஓய்வு பெற்ற பிறகு உனக்குக் கிரேக்கப் பைத்தியம் பிடித்து என்னையும் இழுத்துவிட்டாய். உடலுறுப்புகளுக்கான பழைய கிரேக்கச் சொற்களுக்குத் தமிழில் ஓர் அகராதி. செவ்வாய்தோறும் மேற்கு மாம்பலத்திலிருந்து பஸ் ஏறி ஆழ்வார்பேட்டையில் உன் வீட்டுக்கு வருவேன். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. உன் சிவப்பு டிக்கும் என் நீல டிக்கும் விழுந்தால்தான் சொல் முடிந்ததாகக் கணக்கு. இல்லையென்றால் டப்பாவுக்குள் போய்விடும்.

'ஃப்ரேன்' இரண்டு வருடம் உள்ளேயே கிடந்தது. விலா எலும்புக்குக் கீழே மூச்சை இழுத்துவிடுகிற தசைக்கு அந்தப் பேர். அதையே மனத்துக்கும் சொன்னார்கள், புத்திக்கும் சொன்னார்கள். உதரவிதானம் என்று போட்டுத் தொலைப்போம் என்றேன். "எந்தத் தமிழன்டா உதரவிதானத்துல கவலைப்படுவான்? நெஞ்சுன்னு போடு" என்றாய். இடம் தப்பு என்று நான் ஒப்பவில்லை. பிடிவாதத்தில் இரண்டு பேருமே சளைத்தவர்கள் இல்லை.

அப்புறம் உன் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்க ஆரம்பித்தன. கால் போனது, பேச்சு போனது. முகத்தில் மூடி மாட்டி, மெஷின்தான் உனக்காக மூச்சை உள்ளே தள்ளியது. வலது கை மட்டும் கொஞ்சம் அசைந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை உன் மகள் மருந்துக் கடைக்குப் போனாள். "பதினஞ்சு நிமிஷம் பாத்துக்கோங்க மாமா" என்றாள். நான் பார்த்துக்கொண்ட லட்சணம் உனக்குத் தெரியும். அட்டையை எடுத்து உன் கண்முன் நீட்டி, "நெஞ்சா, மனமா, என்னதான்டா போடறது?" என்று கேட்டேன். உன் கை மெல்ல ஊர்ந்து விலாவுக்குக் கீழே போய் நின்றது. அழுத்தியது. மறுபடியும் அழுத்தியது.

எனக்கு ஒரே சந்தோஷம். "புரிஞ்சுதுடா, புரிஞ்சுது" என்று குனிந்து, 'நெஞ்சுக்குழி' என்று எழுதி நீல டிக் போட்டேன். நிமிர்ந்தபோது உன் மகள் ஓடி வந்து, மூடியிலிருந்து கழன்று கிடந்த குழாயைச் சொருகிக்கொண்டிருந்தாள். உன் உதடு நீலம் பாய்ந்திருந்தது. நீ சொல்லுக்கு அர்த்தம் சொல்லவில்லை. மூச்சு முட்டுகிறது என்று என்னிடம் சொல்லியிருக்கிறாய்.

அன்றைக்குப் பிழைத்துக்கொண்டாய். மூன்று வாரம் கழித்துப் போனாய். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். நான் கேட்டதால்தான் சொன்னார். அந்த மூன்று வாரமும் உன் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்க எனக்குத் துப்பில்லை. குழாய் அப்போதுதான் கழன்றிருக்கும் என்று உன் மகள் நினைத்துக்கொண்டாள். நானும் வாயைத் திறக்கவில்லை. கையில் என்ன அட்டை என்று கேட்டபோது, "அர்த்தத்தை உங்கப்பா கையாலேயே காட்டிட்டான்" என்று உளறிவைத்தேன்.

அதைத்தான் அவள் இன்று வரை பிடித்துக்கொண்டிருக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள், அகராதியின் முன்னுரையிலும் எழுதிவிட்டாள். பேச்சு போன பிறகும் அப்பா ஒரு சொல்லை முடித்துக் கொடுத்தார் என்று. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் அழுவதில்லை. நான் எப்படிடா வாயைத் திறப்பேன்?

நேற்று வந்து உன் சிவப்புப் பேனாவை என் கையில் கொடுத்தாள். "அப்பாவுக்குப் பதிலா நீங்களே டிக் போட்டுடுங்க மாமா. கடைசிச் சொல்லை முடிச்சப்போ நீங்க கூட இருந்தீங்களே, எனக்கு அது போதும்."

காலையிலிருந்து பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பேனாவைப் பிடிக்க வேண்டிய கை விலாவுக்குக் கீழே போய் அழுத்திக்கொண்டிருக்கிறது, எடுக்க முடியவில்லை.