கடைசிக் காட்சியின் செம்பு

மொன்றியல்
20-2-1971

சௌபாக்கியவதி கமலினிக்கு ஆசீர்வாதம்.

நீ பத்திரமாக மதராஸ் போய்ச் சேர்ந்ததாக உன் அப்பா எழுதியிருந்தார். நீயும் ஒரு வரி எழுதியிருக்கலாம். இங்கே நதி உறைந்துதான் கிடக்கிறது. நம் குழந்தை மாதங்கியின் அஸ்தி பித்தளைச் செம்பில், பால்கனியில் இருக்கிறது. பனி உருகியதும் லாசால் பக்கம் ஆற்றில் கரைத்துவிடுவேன். இடம் பார்த்து வைத்திருக்கிறேன்.

பேராசிரியர் மணிவாசகம் இங்குள்ள தமிழர்கள் நடிக்க ஒரு நாடகம் கேட்டார். எழுத உட்கார்ந்தால் குழந்தையின் காய்ச்சல்தான் வந்தது. பத்து வயதுப் பெண்ணைப் பறிகொடுக்கும் தகப்பனின் கதை. நானே நடிக்கிறேன். அவள் போன அன்று அழாதவன் ஒத்திகையில் அழுகிறேன்.

அனந்தராமன்


மயிலாப்பூர், மதராஸ்
2-4-1971

அன்புள்ள உங்களுக்கு, நமஸ்காரம்.

அழுதீர்கள் என்று படித்ததும் மனசு கொஞ்சம் ஆறியது. என்னிடம் அழுதிருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன். நீங்கள் சுவரைப் பார்த்தல்லவா உட்கார்ந்திருந்தீர்கள்.

ஐஸ் உருகியிருக்குமே. வீட்டில் அஸ்தியை வைத்திருக்கக் கூடாது என்று சாஸ்திரிகள் சொல்கிறார். நானே இங்கே எடுத்துவருகிறேன் என்றதற்குப் பெண்கள் தொடக்கூடாது, தகப்பன்தான் கரைக்க வேண்டும் என்றீர்கள். அந்தப் பேச்சை நம்பி வெறுங்கையோடு விமானம் ஏறினேன். குழந்தையைக் காக்க வைக்காதீர்கள். கரைத்த அன்று தந்தி கொடுங்கள்.

கமலினி


மொன்றியல்
18-5-1971

சௌபாக்கியவதி கமலினிக்கு,

கோபித்துக்கொள்ளாதே. நதி ஓடுகிறது. ஆனால் செம்பு நாடகத்துக்கு வேண்டியிருக்கிறது. கடைசிக் காட்சியில் தகப்பன் அதை மடியில் வைத்துக்கொண்டு பேசுகிறான். மணிவாசகம் மாவு போட்ட செம்பு ஒன்று கொடுத்தார். எனக்கு வசனமே வரவில்லை. அதனால் நம்முடையதைக் கொண்டுபோனேன். நாடகம் நடந்த வில்லரே சர்ச் ஹாலில் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை.

அம்மாவாக நடித்த டாக்டர் வசுமதிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "சார், இது விளையாட்டு இல்ல. எனக்குப் பயமா இருக்கு, நான் இனிமே வரல" என்று நின்றுவிட்டாள். இப்போது புதிதாக ஒரு பெண். நீ விட்டுப்போன பச்சைப் புடவையைக் கட்டிக்கொள்கிறாள். பின்னாலிருந்து பார்த்தால் நீயேதான்.

இன்னொன்று. நாடகத்தில் அம்மா ஊருக்குப் போய்விடுவதாக எழுதியிருந்தேன். அந்த இடத்தில் ஜனங்கள் நெளிகிறார்கள். அதனால் அவளும் இறந்துவிடுவதாக மாற்றினேன். இப்போது நன்றாக இருக்கிறது.

அனந்தராமன்


மொன்றியல்
12-6-1971

கமலினி,

பதில் இல்லை. நாடகம் முடிந்ததும் பலர் என் கையைப் பிடித்துக்கொண்டு நீயும் போய்விட்டதாக நினைத்து உனக்காகவும் துக்கம் விசாரிக்கிறார்கள். நான் மறுத்துச் சொல்வதில்லை. சில நாள் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

செம்பை உள்ளே கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் நான் பேச ஆரம்பிக்கும் முன்பே மாதங்கி பேசுகிறாள். ஜூலை பத்தாம் தேதி மறுபடியும் வில்லரேயில் நாடகம். டொரன்டோவிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். கரைப்பதைப் பற்றி இனிமேல் எழுதாதே. அவளுக்குப் பிடிக்கவில்லை.

அனந்தராமன்


மயிலாப்பூர், மதராஸ்
25-6-1971

உங்களுக்கு,

அண்ணா டிக்கெட் எடுத்துவிட்டான். பத்தாம் தேதி காலையில் வந்து இறங்குகிறேன். விமான நிலையத்துக்கு வர வேண்டாம். வசுமதி வந்து அழைத்துப்போவாள். நடந்ததையெல்லாம் அவளும் எனக்கு எழுதிவிட்டாள்.

அவள் வீட்டில் குளித்துவிட்டு நேரே ஹாலுக்கு வருவேன். முதல் வரிசையில் உட்காருவேன். என் குழந்தை சாவதைப் பார்ப்பேன், நான் சாவதையும் பார்ப்பேன். வாயைத் திறக்க மாட்டேன். நாடகம் முடிந்ததும் லாசாலுக்குப் போய் நானே கரைக்கப் போகிறேன். நீங்கள் கூட வந்தால் எனக்குச் சந்தோஷம். வராவிட்டாலும் கரைப்பேன்.

கடைசிக் காட்சியில் நீங்கள் செம்பை மடியில் வைத்ததும் மேடை ஏறி வருவேன். பெண் தொடக்கூடாது என்று அப்போது சொல்லாதீர்கள். செத்துப்போனவளுக்கு ஏது சாஸ்திரம். ஜனங்கள் இதுவும் நாடகம் என்றே நினைத்துக்கொள்ளட்டும்.

அந்த இடத்தில் உங்களுக்கு வசனம் கிடையாது. என் குழந்தையைக் கொடுத்துவிடுங்கள்.

கமலினி