ஒன்பதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்

அன்பு மகளுக்கு,

இதை நானேதான் எழுதுகிறேன்! "பேனா ஃபர்ஸ்ட் கியர்லயே போகுதே தாத்தா" என்று முதியோர் கல்வி வகுப்பில் டீச்சரம்மா சிரிக்கிறார்.

நீ அனுப்பிய டிக்கெட்டையும் நானே படித்தேன். ஒன்பதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், நடுவில் ஒரு விமானம் மாறி, பதினாறே மணி நேரம். என் லாரிக்கு இருபது நாள் ஆகியிருக்கும்!

"கூட்டிட்டு வர நானே வர்றேன்பா" என்றாயே, கைக்குழந்தையோடு அலையாதே. இத்தனை வருடம் நீ கூப்பிட்டபோதெல்லாம் முழங்கால் வலி என்று சொன்னேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. விமானம் மாறும் இடத்தில் போர்டு படிக்கத் தெரியாமல் நிற்பேனே என்ற பயம்தான். இப்போது ஆங்கில எழுத்தும் தெரியும்.

வெளியே வரும் வாசலில் என் பெயரைப் பெரிதாக எழுதிப் பிடித்துக்கொண்டு நில். அதைப் படித்துவிட்டுத்தான் பேரனைத் தூக்குவேன்.

உன் அப்பா