மெஷின் நின்னது தெரியாம

அன்புப் பாப்பாவுக்கு அம்மா எழுதறது. இங்க நான், அப்பா, தம்பி மூணு பேரும் சௌக்கியமா இருக்கோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பா இருப்பேன்னு நம்பறேன், நம்பிக்கைதான், போன்ல உன் முகத்துல பாதிதானே தெரியுது. அப்பாவுக்கு முழங்கால் வலி இப்ப தேவலை. தம்பி பரீட்சை எழுதி முடிச்சுட்டான், எப்படி எழுதினேன்னு கேட்டா தோளைக் குலுக்கறான், ரிசல்ட் வரட்டும் அப்ப பேசிக்கறேன். சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுது, உங்கப்பா இன்னிக்குப் பார்க்கறேன் நாளைக்குப் பார்க்கறேன்னு வாளியை மட்டும் மாத்தி மாத்தி வைக்கறாரு. இதெல்லாம் போன்லயே சொல்லியிருக்கலாம், நான் பேனாவை எடுத்தது வேற விஷயத்துக்கு. போன்ல சொன்னா நடுவுல நீ சிரிப்ப, நான் சொல்ல வந்ததைக் கோட்டை விட்டுடுவேன்.

விஷயம் இதுதான், உங்கம்மாவுக்கு நல்லா விசில் அடிக்க வரும். கேலி இல்லடி, நிஜமாத்தான். ரெண்டு விரலை வாயில விட்டுக் கூட்டத்துல அடிக்கற விசில் இல்ல, உதட்டைக் குவிச்சு முழுப் பாட்டா அடிக்கறது. மெட்டும் சொந்த மெட்டு. சின்ன வயசுல மழைக்கு ஒரு மெட்டு, கணக்கு டீச்சர் நடைக்கு ஒரு மெட்டுன்னு போட்டுக்கிட்டே திரிவேன். ஒருநாள் வகுப்புல டீச்சர், ஆளுக்கு ஒரு வித்தை செஞ்சு காட்டுங்கன்னாங்க, நான் எழுந்து நின்னு விசில் அடிச்சேன். பாதி கூடப் போகலை, பின் பெஞ்சுல இருந்த ஒருத்தி, குக்கர் விசில் வந்துடுச்சு, யாராவது அடுப்பை அணைங்கடின்னா. வகுப்பே விழுந்து விழுந்து சிரிச்சுது. நான் உட்கார்ந்துட்டேன். அன்னியிலருந்து பள்ளிக்கூடம் முடியற வரைக்கும் என் பேரு குக்கர்தான். அதோட வாயைப் பூட்டினவதான் நான், கட்டிக்கிட்ட உங்கப்பாவுக்குக் கூடச் சொன்னதில்லை. உன்னைத் தூங்க வைக்கறப்ப உதடு தானா குவிஞ்சு வரும், கடிச்சு நிறுத்திக்குவேன்.

இப்ப கதைக்கு வர்றேன். எங்க ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுக்குப் பெரிய மெஷின் ஒண்ணு புதுசா வந்திருக்குன்னு சொன்னேன் இல்ல, அது ஓடறப்ப காதுல பஞ்சு வச்சுக்கிட்டுதான் எல்லாரும் நிப்போம், பக்கத்துல இருக்கறவங்களைக் கூப்பிடணும்னாகூடத் தோளைத் தட்டணும். அந்த இரைச்சல்ல யாருக்குக் கேட்கப்போகுதுன்னு ஒருநாள் விரிப்பை மடிச்சுக்கிட்டே லேசா அடிச்சுப் பார்த்தேன். காதை அடைச்சுக்கிட்டா நம்ம விசில் நம்ம மண்டைக்குள்ளயே கேட்குதுடி! அவ்வளவுதான், எனக்குக் கொண்டாட்டம் ஆயிடுச்சு. தினம் மடிக்கற மேஜையில நின்னு சுவரைப் பார்த்துக்கிட்டு ஒரு மெட்டு. வேலை நடக்கறதே தெரியலை. போன மாசம் அப்படித்தான் ரொம்ப ரசிச்சு இழுத்து அடிச்சுக்கிட்டே, மடிச்ச விரிப்பைத் தூக்கிக்கிட்டுத் திரும்பறேன், அத்தனை பேரும் வேலையை விட்டுட்டு என்னையே பார்த்துக்கிட்டு நிக்கறாங்க, ஒவ்வொருத்தர் கையிலயும் காதுலருந்து எடுத்த பஞ்சு. பெல்ட் அறுந்து மெஷின் எப்பவோ நின்னுபோச்சு, காதுல பஞ்சோட இருந்த எனக்குத் தெரியலை! ஐயோ, எனக்கு உயிரே போயிடுச்சு. விரிப்பை முகத்துல போட்டு மூடிக்கிட்டேன். மெஷின்காரர், ஏன்க்கா நிறுத்திட்டீங்க, பெல்ட் மாட்டறதுக்கு இன்னும் நேரம் கிடக்கே, அடிங்கன்னாரு.

அதோட விட்டாங்களா, ஆஸ்பத்திரி ஆண்டு விழாவுல சலவைப் பிரிவு சார்பா நீங்கதான் மேடை ஏறணும்னு ஒத்தைக்கால்ல நின்னாங்க. முடியவே முடியாதுன்னுட்டேன். ஏன் தெரியுமா, எங்க தலைமை நர்ஸ் யாருன்னு நினைச்ச, அந்தப் பின் பெஞ்சுக்காரியேதான். இங்க வேலைக்கு வந்த நாளா நான் அவ வார்டுக்கு விரிப்பு கொடுக்கப் போனா வச்சுட்டு ஓடி வந்துடுவேன். அவ முன்னாடி போய் மறுபடியும் விசில் அடிக்கவா? வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட எல்லாத்தையும் கொட்டினேன். காலமெல்லாம் பஸ்ல விசில் ஊதியே குடும்பத்தைக் காப்பாத்தினவன் நான், என் வீட்டுக்குள்ளயே இப்படி ஒரு விசிலா, சொல்லவே இல்லையேன்னாரு. அப்புறம் எழுந்து ஃபேனை நிறுத்திட்டு வந்து, எங்க அடி பார்ப்போம்னு எதிர்ல உட்கார்ந்தாரு. அடிச்சேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டாருடி, தூசு விழுந்துடுச்சாம்.

அப்பவும் எனக்குத் தைரியம் வரலை. கடைசியில நேரா அவகிட்டயே போனேன். குக்கர் ஞாபகம் இருக்கான்னு பட்டுனு கேட்டேன். எந்தக் குக்கர்னு கேட்டா! நடிக்கலை பாப்பா, நிஜமாவே முழிச்சா. நானா அப்படிச் சொன்னேன், எனக்கு ஒண்ணும் நினைவில்லையேன்னு நெத்தியைத் தேய்ச்சா. எனக்கு வந்துச்சே ஒரு கோபம்! பூட்ட வச்சவளுக்கே நினைப்பில்லை, நான் மட்டும் எதுக்கு இத்தனை காலமா பூட்டைக் காவல் காத்துக்கிட்டு நிக்கணும்? நேரா கீழ வந்து, என் பேரைச் சேர்த்துக்குங்கன்னு மெஷின்காரர்கிட்டச் சொல்லிட்டேன்.

விழா அன்னிக்கு மேடை ஏறினா வாய் காய்ஞ்சு போச்சு. முன் வரிசையில உங்கப்பா பல்லு மொத்தமும் தெரிய உட்கார்ந்திருக்காரு, அவரைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வருது, சிரிக்கற வாயில விசில் எப்படி வரும்? புஸ்ஸுனு வெறும் காத்துதான் வந்துச்சு. மண்டபமே சிரிச்சுது. அன்னிக்கு வகுப்புல கேட்ட அதே சிரிப்பு. பழையபடி உட்கார்ந்துடத்தான் பார்த்தேன். மேடையில பெஞ்சு ஏது? மைக்கைப் பிடிச்சேன். நல்லா சிரிச்சு முடிங்க, எனக்கு அவசரம் இல்ல, அடிக்காம இறங்கமாட்டேன்னு சொல்லிட்டு, ஒரு டம்ளர் தண்ணியை நிதானமா குடிச்சேன். அப்பாவைப் பார்த்து, நீங்க கொஞ்சம் வாயை மூடுங்கன்னேன், அதுக்கும் சிரிச்சாங்க, சிரிக்கட்டும். அடங்கினதும், இது தூரத்துல இருக்கற என் பொண்ணுக்குன்னு சொல்லி அடிச்சேன். எங்கேயும் பிசிறலை. முடிச்சதும் கை தட்டினாங்க பாரு! தலைமை நர்ஸ் மேடைக்குப் பின்னாடி ஓடி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா, விசிலைக் கேட்டதும் எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு, நான்தான்டி சொன்னேன்னு அழுதா. நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்கணும்னு எத்தனை வருஷமா வச்சிருந்தேன், ஆனா சந்தோஷம்தான் வந்துச்சு. இப்ப வீட்டுல நாள் பூரா அடிக்கறேன், தம்பி கதவைச் சாத்திக்கறான், நான் கண்டுக்கறதில்லை.

உடம்பைப் பார்த்துக்கோ, ஈரத் தலையோட குளிர்ல வெளிய போகாத, நீ நினைச்சதெல்லாம் நடந்து நல்லா இருக்கணும். லீவு கேட்கறேன்னு போன மாசம் சொன்னியே, மறக்காம கேளு. மேடையில அடிச்சது நீ ஊருக்குக் கிளம்பினப்புறம் உன் ரூமைப் பெருக்கறப்ப மனசுல வந்த மெட்டு. அன்னிக்குக் கடைசியில ஏதோ ஒப்பேத்திட்டேன், யாருக்கும் தெரியலை, ஆனா அதுக்கு முடிவு இன்னும் வரலை பாப்பா. நீ பெட்டியோட வாசல்ல வந்து நிக்கறப்பதான் வரும்.

முத்தங்களோட,
உன் அம்மா