குலசேகரம் &

12 மே 1992, பார்க்கிங், லண்டன்
பட்டறையின் பின்சுவரோரம் கிடந்த பழைய இரும்பு மூடிகளை இன்று ஒதுக்கினோம். விக்டோரியா ராணி காலத்தில் இந்த வார்ப்புப் பட்டறையைத் தொடங்கிய கூட்டாளிகளின் பெயர் அவற்றில் உண்டு: 'வார்ட்லோ & பிம்'. பிந்திய மூடிகளில் 'வார்ட்லோ &' மட்டும். அதற்குப் பிறகு வெறும் இரும்பு.

செபஸ்தியாம்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணை, பிம்மைக் கழட்டினவன் வெக்கத்திலை அவசரப்பட்டிருக்கிறான். மர அச்சிலை அந்தக் குறியை விட்டிட்டான் பாருங்கோ!"

அவனும் நானும் இந்தப் பட்டறையை எடுத்து ஆறு வருடம். நாங்கள் வார்ப்பதிலெல்லாம் 'குலசேகரம் & செபஸ்தியாம்பிள்ளை'. அவன் பெயருக்கே இரும்பு காணாது என்று பகிடி பண்ணுவேன்.

9 யூன்
கோயிலின் வாசல் கேற் வேலை எங்களுக்குத்தான்! இது கிடைக்காவிட்டால் பட்டறையைப் பூட்டியிருப்போம். அச்சு முழுக்கச் செபஸ்தியின் கைவேலை. மயிலின் கழுத்து சரிவரவில்லையென்று திரும்பத் திரும்பச் செதுக்குகிறான்.

7 யூலை
கோயில் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா அச்சைப் பார்க்க வந்தார். மயிலைப் பார்த்து உருகினார். கீழே பெயர்களைக் கண்டதும் முகம் மாறியது.

"வேதக்காரன்ரை பேர் எங்கடை கோயில் வாசல்லை எதுக்கு, குலம்? உம்மடை பேர் காணும்தானே. இல்லாட்டி வேறை ஆக்களைப் பாக்கிறம்."

அந்த மயிலையே கிறிஸ்தவனான செபஸ்திதான் செதுக்கினான் என்று சொல்ல வாயெடுத்தேன். "பாப்பம்" என்றுதான் வந்தது. சீ!

12 யூலை, ஞாயிறு
செபஸ்தி குடும்பத்தோடு வால்சிங்கம் மாதா கோயிலுக்கு யாத்திரை போயிருக்கிறான். நாளையும் லீவு. பட்டறையில் நான் மட்டும். மர அச்சிலிருந்து அவன் பெயரின் ஈய எழுத்துகளை உளியால் நெம்பி எடுத்தேன். ஒவ்வோர் எழுத்துக்கும் கதவைத் திரும்பிப் பார்த்தேன். ஏன்ரா பாக்கிறாய்? செய்யிறதையும் செய்துபோட்டு —

நாளை வார்த்துவிட வேண்டும்.

14 யூலை
செபஸ்தி வந்தான். "எங்கடை கேற் நல்லா வரவேணுமெண்டு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினனான், அண்ணை." எங்கே முகத்தை வைப்பது?

நான் தடுக்குமுன், நேற்று வார்த்த கேற்றில் ஒட்டியிருந்த மணலைப் பிரஷால் தட்டத் தொடங்கிவிட்டான். மயில் வந்தது. என் பெயர் வந்தது. பிறகு பிரஷ் நின்றது. வெறும் இரும்பை விரலால் தடவினான்.

"அண்ணை, அந்தக் குறியை மறந்திட்டியள்."

அப்போதுதான் நானும் கண்டேன்.

"அதைத் தேய்க்கக் கிறைண்டர் எடுத்து வரட்டோ?" என்றான். மரியாதையாகத்தான் கேட்டான்.

15 யூலை
திட்டியிருக்கலாம். ரெண்டு அடி போட்டிருக்கலாம், பாவி.

3 ஓகஸ்ட்
அந்தக் குறி அப்படியே இருக்க, கேற்றைக் கோயில் வாசலில் பொருத்தியாயிற்று. மயிலுக்காக எல்லோரும் என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். என் மனைவி பாலாம்பிகை மட்டும் கேட்டாள்: "செபஸ்தி எங்கை?"

21 செப்ரெம்பர்
செபஸ்தி விலகிவிட்டான். ஸ்ட்ரெதமில் ஒரு வெல்டிங் கடையில் வேலையாம். உளிகளைத் துணியில் சுற்றினான். ஒன்றை மட்டும் மேசையில் வைத்துவிட்டுப் போனான் — நான் நெம்பிய உளி.

5 ஒக்ரோபர்
ஸ்ரீஸ்கந்தராஜா போன் எடுத்தார். பெயருக்குப் பிறகு அந்தக் குறி தனியே நிற்பது வடிவில்லையாம், ஆட்கள் சிரிக்கிறார்களாம். வந்து தேய்த்துவிடட்டாம்.

"ஏலாது."

"ஏன், குலம்?"

"அது செபஸ்தியின்ரை இடம்."

போனை வைத்த பிறகும் காது சுட்டது. ஏலாது — எவ்வளவு சின்னச் சொல். யூலையில் வாயில் வரவில்லையே.