வேறு விசேஷம் இல்லை

தென்காசி
8.7.2024

என் அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் மனைவி நஸீபா ஆசையோடு எழுதுவது. போனில் பேசினால் மாமி ஸ்பீக்கரில் போடச் சொல்லுகிறார்கள். "சாப்பிட்டீங்களா" என்பதற்கு மேல் எனக்கு வாய் வருவதில்லை. அதனால்தான் தம்மாமுக்கு யார் கிளம்பினாலும் அவர்கள் கையில் கடிதம் கொடுத்துவிடுகிறேன்.

பயப்படாமல் படியுங்கள். இரண்டு தடவை மயங்கி விழுந்துவிட்டேன். முதலில் குற்றாலத்தில். சீசன் கூட்டத்தில், பெண்கள் வரிசையில் நெடுநேரம் நின்றேன். காது அடைத்தது, கண் இருட்டியது. அருவிக்குப் போகும் முன்பே வேர்வையில் குளித்துவிட்டேன். விழித்தால், முன்பின் தெரியாத ஒருத்தி என் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

அடுத்தது பக்கத்து வீட்டு ஜன்னத் கல்யாணத்தில், புழுக்கத்தில் நின்று பரிமாறும்போது. கறிச்சட்டியோடு விழுந்தேன். எழுந்ததும் ஒரே கேலி.

"என்னட்டி, விசேஷமா?"

"மாப்பிள்ளை தம்மாம்ல இருக்காவ, விசேஷம் எங்கன இருந்து வரும்?" என்று நானும் சிரித்தேன். மாமி சிரிக்கவில்லை.

ஈசிஜியில் இதயம் நன்றாக இருக்கிறதாம். பிறகு ஏன் விழுகிறேன்? திருநெல்வேலியில் போய்ப் பார்க்கச் சொல்கிறார்கள். தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது, மச்சான். போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஒரு தடவை வந்துவிட்டுப் போங்களேன்.

கடிதத்தை வாங்கிப் போக பாரூக் அண்ணன் வாசலில் நின்று அவசரப்படுத்துகிறார்கள்.

உங்கள்
நஸீபா

தம்மாம்
2.8.2024

அன்பு நஸீபாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடிதம் கிடைத்தது. இங்கே சவூதி முதலாளியிடம் இப்போது லீவு கேட்க முடியாது.

உம்மா போனில் ஒரு மாதிரி பேசினார்கள். "ஆஸ்பத்திரியில ஒண்ணும் இல்லங்காவ, அப்ப ஏன் விழுதா?" என்றார்கள். நான் அதைக் காதில் வாங்கவில்லை. ஆனால் உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் "வேறு விசேஷம் இல்லை" என்றுதான் முடித்திருக்கிறாய். இந்தத் தடவை மட்டும் அந்த வரியைக் காணோம்.

எனக்குச் சந்தேகம் எல்லாம் இல்லை. என்னவானாலும் எழுது. கோபப்பட மாட்டேன்.

இப்படிக்கு
துல்கர்னைன்

தென்காசி
1.9.2024

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்றுகொண்டு படித்தேன். "அந்த வரியைக் காணோம்" வரைக்கும்தான் நினைவிருக்கிறது. மூன்றாவது தடவை அங்கேதான் விழுந்தேன். உதடு கிழிந்துவிட்டது. வீட்டில் யாரும் இல்லை. நானாகத்தான் எழுந்தேன்.

தம்பி ஹுஸைஃபா திருநெல்வேலிக்கு அழைத்துப்போனான். ஒரு மேசையில் படுக்கவைத்து, வாரால் கட்டி, அப்படியே மேசையோடு நிமிர்த்தினார்கள். கொஞ்ச நேரத்தில் கண் இருட்டிவிட்டது. டாக்டரம்மா சொன்னது இதுதான்: இதயத்தில் கோளாறு இல்லை. நெடுநேரம் நின்றாலோ, புழுங்கினாலோ, மனம் அதிர்ந்தாலோ சிலருக்கு நரம்பு தப்பாகச் சேதி சொல்லிவிடும். துடிப்பு குறைந்து, ரத்தம் காலிலேயே தங்கிவிடும். மூளைக்குப் போதாமல் ஆள் விழுந்துவிடும். நிறைய தண்ணீர் குடிக்க வேண்டும். காது அடைத்தால் உடனே படுத்துக் காலை உயர்த்த வேண்டும்.

"கடைசியா விழுததுக்கு முன்னால என்னம்மா நடந்துச்சு?" என்று கேட்டார்கள்.

"லெட்டர் படிச்சேன்."

"கெட்ட சேதியா?"

"இல்ல டாக்டர். வீட்டுக்காரவ ஒண்ணு கேட்டிருந்தாவ."

அவர்கள் ரிப்போர்ட் எழுதத் திரும்பிக்கொண்டார்கள். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

ரிப்போர்ட்டை இதோடு வைக்க மடித்தேன். பிறகு எடுத்துவிட்டேன். அதைப் பார்த்துத்தான் என்னை நம்புவீர்கள் என்றால் அந்த நம்பிக்கை எனக்கு வேண்டாம். சுரண்டைக்கு என் உம்மாவிடம் போகிறேன். கேட்க வேண்டியதை அங்கே வந்து, என் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். இத்தனை நாளும் உங்களுக்காகத் தனியாக இருந்தேன். இன்றைக்குத்தான் யாருமில்லாமல் இருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. நீங்கள் தேடிய வரியை எழுதினால், கேட்டதற்குப் பதில் சொன்னதாக ஆகிவிடும். விட்டுவிட்டால், நீங்கள் நினைத்ததே சரி என்றாகிவிடும். இருந்தாலும் விட்டுவிடுகிறேன்.

நஸீபா