நீ நீக்கிய பதினோரு நாட்கள்

என் செல்லத் தம்பி முரளிக்கு,

நம் ஸ்ரீவராகத்தில் இப்போதுதான் மழை விட்டது. உன் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. திரையில் பழைய பங்குச்சந்தை நாட்கள் பச்சையும் சிவப்புமாய் நகர்கின்றன. பார்த்துக்கொண்டே இருந்தால் எது இன்று, எது என்றோ போனது என்பதே மறந்துபோகிறது. நீயும் இப்படித்தான் மத்தியானச் சாப்பாட்டை மறந்தாயா?

உன் மனைவி மீனா, நீ விட்டுப்போன முறைப்படி ஆப்ஷன் விற்கவேண்டும் என்றாள். இந்த வாரம் சந்தை இந்த எல்லையைத் தாண்டாது என்று நம்பி விற்பது. தாண்டாவிட்டால் கொஞ்சம் லாபம், தாண்டினால் பெரிய அடி. பத்து வருட விலைகளில் நீ சோதித்ததில் பெரிய அடியே இல்லை. அதை நம்பி உன் இன்ஷூரன்ஸ் பணம் முழுவதையும் இறக்கப் பார்த்தாள். "அக்கா, நீங்க ஒருக்கா நோக்கிட்டுச் சொல்லுங்கோ" என்றாள்.

ஆபீஸில் பிறத்தியார் கணக்கில் குறை கண்டே காலம் தள்ளியவள் நான், சும்மா இருப்பேனா? உன் சோதனைக் கணக்கில் தேதிகளை எண்ணினேன். பதினோரு நாட்களைக் காணோம். தேடினால், அதே கோப்பில் வேறொரு தாளில் ஒளித்து வைத்திருக்கிறாய். எல்லாம் சந்தை தலைகுப்புற விழுந்த நாட்கள். பக்கத்தில் உன் குறிப்பு: 'சாதாரண நாள் இல்லை.' அடப்பாவி!

திரும்பச் சேர்த்தேன். பத்து வருட லாபமும் கரைந்துபோயிற்று.

கோயில் ஆறாட்டு நினைவிருக்கிறதா? சுவாமி ஊர்வலம் விமான ஓடுபாதை வழியே கடலுக்கு நீராடப் போகும். அந்தச் சில மணி நேரம் நம் வீட்டுக்கு மேல் விமானமே வராது. மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு, "ஆகாசத்துக்கு லீவு, கேட்டியா" என்பாய். அந்த நிசப்தத்தில் வீடே மிதப்பது போலிருக்கும். வருஷத்தில் இரண்டே நாள். அதற்காக விமான நிலையத்தில் யாரும் அந்த நாட்களைக் காலண்டரிலிருந்து எடுத்துவிடுவதில்லையேடா.

மீனாவிடம் சொன்னேன். அழுதாள். "அந்த மாதிரி நாள் நமக்கு எதுக்கு வரப்போறது அக்கா?" என்றாள். நீ எங்களை விட்டுப்போன செவ்வாய்க்கிழமையும் காலையில் சாதாரண நாளாகத்தான் இருந்தது. காபி கேட்டாய். நான் போட்டுக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சற்றுப் பொறுத்து அவளே லேப்டாப்பை மூடினாள். "பணம் பாங்க்லயே கிடக்கட்டும்."

உன்மேல் எனக்குக் கோபமில்லை. எனக்கும் ஒரே ஒரு நாளை எடுத்துவிட ஆசைதான். எடுத்தால் நீ இன்னும் இந்த அறையில் இருப்பாய். ஆனால் எடுக்கமாட்டேன் முரளி. அவள் மூடிய லேப்டாப்பை மறுபடி திறந்திருக்கிறேன்; உன் தாளில் பன்னிரண்டாவதாக அந்தச் செவ்வாயையும் எழுதி வைக்கிறேன், சத்தியம்.

காபியோடு வந்து நின்ற
உன் அக்கா